தொங்கலில் கிடந்த வென்லோ பட்டம்

அக்டோபர் மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு, ஏவிஸ் த்ரஸல் படுத்திருந்த கட்டிலின் கால்மாட்டில் கூரையின் ஒரு பகுதி வந்து விழுந்தது. பெரிய பகுதி இல்லை. சாப்பாட்டுத் தட்டு அளவு காரையும் அதோடு ஒட்டியிருந்த ஊறிப்போன மரத்துண்டும்தான். ஏவிஸ் காலை மடக்கிக்கொண்டாள். வானொலியில் ஓடிக்கொண்டிருந்த குதிரைப் பந்தயம் முடியும்வரை பொறுத்திருந்து, பிறகு தங்கையைக் கூப்பிட்டாள்.

"ஹில்டா, மேல இருந்து யாரோ எட்டிப் பாக்குறாங்க, வந்து பாரு."

ஹில்டா வந்து பார்த்தாள். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. சாம்பல் நிற வானம் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அது உள்ளே சொட்டவும் தொடங்கியது.

லிங்கன்ஷயரின் தாழ்ந்த சதுப்பு நிலத்தில் இருக்கிற வென்லோ என்ற சிற்றூரில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆறு தரும வீடுகள் உண்டு. 1447-இல் முதலாம் வென்லோ பிரபு ஊர் ஏழைகளுக்காகக் கட்டியவை. குடியிருப்பவர்கள் அவருடைய ஆன்மாவுக்காகத் தினமும் ஒரு முறை ஜெபிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவர் செய்த காரியங்களை அறிந்தவர்கள், ஆறு வீடு போதாது, ஒரு தெருவே கட்டியிருக்க வேண்டும் என்பார்கள்.

நான்காம் நம்பரில் அக்காளும் தங்கையும் இருந்தார்கள். ஏவிஸுக்கு எழுபத்தொன்று. முப்பது வருஷம் தபாலாபீஸில் முத்திரை குத்தியவள். ஹில்டாவுக்கு அறுபத்தேழு. துலிப் கிழங்குகளைத் தரம் பிரிக்கும் கொட்டகையில் குனிந்து குனிந்து முதுகு அப்படியே நின்றுவிட்டவள். இருவருக்கும் கல்யாணமில்லை, பிள்ளையில்லை. ஏவிஸின் நெஞ்சில் மூன்று குளிர்காலமாகச் சளி கட்டிக்கொண்டு போக மறுத்தது. வீட்டைக் காயவை, இல்லாவிட்டால் வீட்டை மாற்று, இன்னொரு ஈரமான குளிர்காலத்தை இந்த நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீடு மாற்றித் தரும் அலுவலகத்தில் கேட்டபோது, இரண்டு வருஷத்தில் இரண்டு அறை கிடைக்கும், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நாற்பது மைல் என்றார்கள்.

அதனால் காரை விழுந்த மறுநாள், தரும வீடுகளின் வக்கீல் பாக்லிங்டனை ஹில்டா போய்ப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒல்லியான, எப்போதும் மன்னிப்புக் கேட்கிற முகமுள்ள மனிதர். ஓட்டையைப் பார்த்துவிட்டு அதனிடமும் மன்னிப்புக் கேட்பதுபோல் தலையாட்டினார்.

"ஓடு இல்லாம இல்லம்மா. 1958-லயே வாங்கியாச்சு. பின்னால கொட்டகையில அடுக்கி இருக்கு. ஒரு சொட்டுத் தண்ணி படாம பத்திரமா இருக்கு."

"கொட்டகை ஒழுகலயா?" என்றாள் ஏவிஸ்.

"அதுக்குக் கூரை போட யார் சம்மதமும் வேண்டாமே. இந்த வீட்டுக்கு வேணும். சாசனத்துல தெளிவா இருக்கு. வென்லோ பிரபுவோட சம்மதம் இல்லாம கூரையில ஒரு ஓடுகூடத் தொடக்கூடாது. கடைசியா சம்மதம் குடுத்த பிரபு 1931-ல போயிட்டார். அடுத்த வாரிசு யாருன்னு யாருக்கும் தெரியல. நான் இருபது வருஷமாத் தேடினேன். கனடா வரைக்கும் எழுதிப் போட்டேன். போன மாசந்தான் கண்டுபிடிச்சேன்."

"யாரு?"

"உங்க அப்பா."

சகோதரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுடைய அப்பா வில்ஃப் த்ரஸல் நாற்பது வருஷம் வாய்க்கால் தூர்வாரியவர். தொடைவரை சேறோடுதான் வீட்டுக்கு வருவார்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியாமலே பிரபுவா இருந்திருக்கார்."

"வாய்க்காலுக்குள்ள நின்னப்பவுமா?"

"நின்னப்பவும்" என்றார் பாக்லிங்டன் மரியாதையோடு. "பையன் ஒருத்தன் இருந்திருந்தா அவரோட காலத்துக்கப்புறம் அவனுக்குப் போயிருக்கும். பொண்ணு ஒண்ணே ஒண்ணுன்னாலும் அவளுக்குப் போயிருக்கும். நீங்க ரெண்டு பேர். பையன்கள்ல மூத்தவன்னு சட்டத்துல உண்டு. பொண்ணுங்கள்ல மூத்தவள்னு கிடையாது. நீங்க ரெண்டு பேரும் சரிசமம். சரிசமமா இருக்கறதால ரெண்டு பேருக்கும் இல்ல. பட்டம் தொங்கல்ல இருக்கு."

"எங்க தொங்குது?"

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல."

சகோதரிகள் தங்களுக்கு நடுவில் பார்த்தார்கள். தேநீர்ப் பாத்திரம் இருந்தது.

"அது எப்ப கீழ இறங்கும்?" என்று கேட்டாள் ஹில்டா.

பாக்லிங்டன் தம்முடைய காலணியைப் பார்த்தார். "ரெண்டு பேர்ல ஒருத்தர் மட்டும் மிஞ்சும்போது."

*

நவம்பரில் இருவரும் ரயிலேறி லண்டனுக்குப் போனார்கள். மரபுப் பட்டப் பதிவகம் ஆற்றங்கரை ஓரமாக ஒரு பழைய மாளிகையில் இருந்தது. அங்கே அவர்களை வரவேற்றவர் செந்நாரைத் தூதர் சர் ஆம்ப்ரோஸ் டெல்வின். செந்நாரைத் தூதர் என்பது வேலையின் பெயர். தூது எதுவும் போவதில்லை. நாரையும் கிடையாது. தங்க ஜரிகையில் நாரை பின்னிய சிவப்பு அங்கியை அன்றும் போட்டிருந்தார். அதைக் கழற்றிவிட ஓர் ஆள் உண்டு, அவர் விடுப்பில் போய் ஐந்து நாளாகிறது என்றார்.

ஹில்டா விஷயத்தைச் சொன்னாள். கூரை, சளி, டாக்டர், ஓடு. அவர் கண்ணை மூடிக்கொண்டு, நல்ல சங்கீதம் கேட்பவரைப்போலக் கேட்டார்.

"அருமை. சுத்தமான தொங்கல். இப்பல்லாம் இந்த மாதிரிக் கிடைக்கறதே இல்ல. பாதிப் பேர் பையனப் பெத்து எல்லாத்தையும் கெடுத்துடறாங்க." ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். "உங்கள்ல யாருக்கு உடம்பு அதிகமா முடியல?"

"எனக்கு" என்றாள் ஏவிஸ்.

"எதிர்பார்ப்பு எப்படி?"

"நல்லாகிடும்னுதான்."

"ஓ" என்றார் சர் ஆம்ப்ரோஸ். அவருடைய பேனா ஒரு கணம் தயங்கி, பிறகு அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு நகர்ந்தது.

"நான் எனக்கு வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறேன்யா. அவளே வச்சுக்கட்டும். கூரை போட்டாப் போதும்" என்றாள் ஏவிஸ்.

"அம்மணி, பட்டம் தொப்பி இல்ல, கழட்டி வைக்கறதுக்கு. அது ரத்தத்துல இருக்கு."

"போன வாரந்தான் ஆஸ்பத்திரியில அஞ்சு குப்பி எடுத்தாங்க. அதுல எந்தக் குப்பியில போச்சுன்னு கேட்டுப் பாக்கட்டா?"

சர் ஆம்ப்ரோஸ் சிரிக்கவில்லை. உண்மையாகவே யோசித்தார். பிறகு வேண்டாம் என்றார்.

இன்னொரு வழி இருப்பதாக அவரே சொன்னார். பட்டக் குழு என்று ஒன்று உண்டு. ஒன்பது பிரபுக்கள். அவர்கள் கூடி இருவரில் ஒருவரைத் தேர்ந்து அரசருக்குப் பரிந்துரைக்கலாம்.

"எப்ப கூடுவாங்க?" ஹில்டா நாற்காலி நுனிக்கு வந்தாள்.

"போன தடவை என் அப்பா இந்த நாற்காலியில இருந்தப்ப கூடினாங்க. ரொம்ப நல்ல கூட்டம். மான் கறி போட்டாங்க. முடிவுதான் ஒண்ணும் எடுக்கல."

"இந்தக் குளிர்காலத்துக்குள்ள முடியாதாய்யா? அவ நெஞ்சு தாங்காது. டாக்டர் எழுதியே குடுத்திருக்கார், பாருங்க."

சர் ஆம்ப்ரோஸ் டாக்டர் கடிதத்தைத் தொடாமல் படித்தார். "ஐந்நூற்று எழுபது வருஷத்துப் பட்டம் இது. அதுக்கு ஒரு குளிர்காலம்ங்கறது என்ன? நாங்க இங்க மனுஷங்களப் பாக்கறதில்ல அம்மணி. வம்சத்தத்தான் பாக்கறோம். மனுஷங்க நடுவுல வந்து போறவங்க."

ஆனாலும் மனு வாங்கிக்கொண்டார். முதலில் வம்சம் நிரூபணமாக வேண்டும். வென்லோ பிரபுக்கள் எல்லோருக்கும் மோவாயில் ஒரு குழி உண்டு என்று ஏட்டில் இருந்தது. சகோதரிகளின் மோவாயை முதலாம் பிரபுவின் கல்லறைச் சிலையோடு ஒப்பிட வேண்டும்.

டிசம்பர் முதல் வாரம், வென்லோ மாதா கோவிலில், பளிங்குப் பிரபுவுக்குப் பக்கத்தில் இருவரையும் மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். தரை பனிக்கட்டியாக இருந்தது. ஏவிஸ் இருமிய இருமல் கூரைவரை போய்த் திரும்பி வந்தது. அளவுகோலோடு குனிந்த சர் ஆம்ப்ரோஸ் அப்போதுதான் பார்த்தார்: சிலைக்கு மோவாயே இல்லை. பதினேழாம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரில் எந்தச் சிப்பாயோ உடைத்துக்கொண்டு போயிருக்கிறான்.

"அப்ப என்ன செய்யறது?" என்றாள் ஹில்டா, அக்காளைத் தூக்கி உட்காரவைத்துக்கொண்டே.

அவர் எழுதியதை உரக்க வாசித்தார். "ஒப்பிட இயலவில்லை. ஆகவே ஒப்பவில்லை."

"குழி எங்க அப்பாவுக்கு இருந்துச்சு. போட்டோ இருக்கு."

"போட்டோ வம்சம் ஆகாது. பளிங்குதான் வேணும்."

ஹில்டா அந்த மாதம் முழுக்க ஊர் ஊராகப் போனாள். பதினான்காம் பிரபு இரண்டாம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். நடக்காத கல்யாணத்துக்கு எந்தக் கோவிலில் சீட்டு வாங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பதினொரு பாதிரியார்களிடம், தங்கள் கோவிலில் அப்படி ஒரு கல்யாணம் நடக்கவில்லை என்று தனித்தனியாக எழுதி வாங்கினாள். இங்கிலாந்தில் பதினாறாயிரம் கோவில்கள் இருப்பதாகப் பதிவகத்திலிருந்து பதில் வந்தது.

வீட்டில் இரண்டாவது காரை விழுந்தது. ஏவிஸின் கட்டிலைச் சமையலறைக்கு நகர்த்தினார்கள். அங்கே சுவரே வியர்த்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பாக்லிங்டன் மூச்சிரைக்க ஓடிவந்தார். பழைய சட்டம் ஒன்று கிடைத்திருக்கிறது. பட்டம் பிறந்த 1447-இன் சட்டப்படி, கன்னியாஸ்திரீ ஆனவள் செத்தவளுக்குச் சமம். ஏவிஸ் மடத்தில் சேர்ந்துவிட்டால் பட்டம் அன்றைக்கே ஹில்டாவுக்கு இறங்கிவிடும்.

மடத்துத் தலைவி நல்ல பெண்மணி. சூடான சூப் கொடுத்தாள். வயது வரம்பு நாற்பத்தைந்து என்றாள். பிறகு, எதற்கும் கேட்டுவைப்போம் என்பதுபோல, "எந்தச் சபைக்குப் போவீங்க?" என்றாள்.

"சின்னதுல மெதடிஸ்ட். இப்ப சனிக்கிழமை குதிரைப் பந்தயம் மட்டுந்தான்" என்றாள் ஏவிஸ்.

திரும்பும்போது பேருந்தில் ஹில்டா சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். ஏவிஸ் அவள் முழங்காலைத் தட்டினாள்.

"அழாதடி. அந்தக் கறுப்பு உடுப்பு எனக்குச் சேராது."

*

ஜனவரி பதினான்காம் தேதி ஏவிஸுக்கு உதடு நீலமாகிவிட்டது. ஆம்புலன்ஸ் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. இரண்டு நுரையீரலிலும் நிமோனியா. பெரிய டாக்டர் ஹில்டாவைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய், வெள்ளிக்கிழமை தாண்டுவது கஷ்டம் என்றார்.

ஹில்டா தாழ்வாரத்திலிருந்தே பதிவகத்துக்குப் போன் செய்தாள். அவளுக்கு அப்போது என்ன கேட்கிறோம் என்றே தெரியவில்லை. அக்கா பிழைத்து வந்தால் படுக்க ஒரு காய்ந்த இடம் வேண்டும், அவ்வளவுதான் மனதில் இருந்தது.

"ஐயா, ஒரு தற்காலிகச் சம்மதமாவது குடுங்கய்யா. ஒரு மாசத்துக்கு. அப்புறம் ஓடுகளத் திரும்ப எடுத்துடறோம். அவ ஆஸ்பத்திரியில கிடக்கறா."

மறுமுனையில் குரல் திடீரென்று கனிந்தது. "அப்படியா. எந்த வார்டு?"

சொன்னாள்.

"டாக்டர் என்ன சொல்றார்?"

"வெள்ளிக்கிழமை தாண்டாதுன்னு."

"வெள்ளிக்கிழமை" என்று அவர் எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. "பதினேழாம் தேதி. சரியா வரும். இத்தனை மாசமா உங்களுக்கு ஒரு நல்ல சேதி சொல்ல முடியலயேன்னு எனக்கு வருத்தமா இருந்துச்சு அம்மணி. பாருங்க, பொறுமையா இருந்தீங்க, முறைப்படி எல்லாம் தானா நடக்குது. குழு கூட வேண்டிய அவசியமே இல்ல."

ஹில்டா போனைத் தாங்கியில் வைத்தாள். சரியாக உட்காரவில்லை. மறுபடி எடுத்து வைத்தாள். பிறகு அக்காளின் கட்டிலுக்குப் போய், விடியும்வரை அவள் பாதங்களைத் தன் இரண்டு கைக்குள் வைத்துச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. சனிக்கிழமை காலை ஏவிஸ் கண்ணைத் திறந்து, மூன்று மணிப் பந்தயத்தில் எது எது ஓடுகிறது என்று கேட்டாள். இன்னும் பத்து நாளில், கட்டில் வேறு ஆளுக்குத் தேவைப்பட்டதால், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வந்த மறுநாள் கதவு தட்டப்பட்டது. ஹில்டா பின்னால் கரி அள்ளிக்கொண்டிருந்தாள். ஏவிஸ் போர்வையோடு போய்த் திறந்தாள். சிவப்பு அங்கி, கையில் பட்டுத்துணி சுற்றிய தோல் சுருள், பின்னால் பாக்லிங்டன்.

"சீமாட்டி வென்லோ அவர்களுக்கு என் ஆழ்ந்த அனுதாபமும் மனமார்ந்த..." என்று தொடங்கிய சர் ஆம்ப்ரோஸ் நிறுத்திவிட்டு, அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். "நீங்க மூத்தவங்க இல்ல?"

"ஆமா."

"நீங்க இறந்துட்டீங்களே."

"எனக்கு யாரும் சொல்லலயே" என்றாள் ஏவிஸ். "உள்ள வாங்க, குளிர் அடிக்குது. உள்ளயும் அடிக்கும், ஆனா காத்து இல்ல."

சமையலறையில் ஒரே ஈரமில்லாத நாற்காலியை அவருக்குக் கொடுத்தார்கள். அவர் விளக்கினார். பட்டச் சாசனம் கன்றுத்தோலில் எழுதப்படுவது. எழுதுபவருக்கு வயது எண்பத்திரண்டு, ஒரு வரிக்கு ஒரு நாள் ஆகும். ஆகையால் போன் வந்த அன்றே தொடங்கச் சொல்லிவிட்டார். ஏவிஸ் ஜனவரி பதினேழில் இறந்தாள், பட்டம் தங்கை ஹில்டாவுக்கு இறங்கியது என்று எழுதி, பெரிய முத்திரையும் வைத்து, ஏட்டிலும் ஏற்றியாகிவிட்டது.

"அழிச்சுடுங்க" என்றாள் ஹில்டா. கரிக்கூடை இன்னும் அவள் கையிலேயே இருந்தது.

"அழிக்க முடியாது. அழிச்சா நாங்க தப்பு பண்ணினோம்னு ஆகும். 1484-லேர்ந்து பதிவகம் ஒரு தப்பும் பண்ணினதில்ல. ஏட்டைப் பாருங்க, ஒரு தப்பு கூட ஏறியிருக்காது."

"இவ உயிரோட உக்காந்திருக்கா. உங்க கண்ணு முன்னால."

"பாக்கறேன் அம்மணி. என் தனிப்பட்ட முறையில எனக்குச் சந்தோஷம். அலுவலக முறையில என்னால அவங்களப் பாக்க முடியாது."

ஹில்டா கூடையை வைத்துவிட்டு அந்தத் தோலைப் பிடுங்கி அடுப்பில் போடப் போனாள். ஏவிஸ் கையைப் பிடித்து நிறுத்தினாள். பேச அவளுக்கு மூச்சு சேர வேண்டியிருந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

"அந்த ஏட்டுல மட்டுந்தானே செத்தேன்? பென்ஷன், டாக்டர், பந்தயக் கடை, அங்கெல்லாம் இருக்கேன்ல?"

"அதெல்லாம் எங்களுக்குக் கீழ இருக்கற விஷயம்" என்றார் சர் ஆம்ப்ரோஸ்.

"அப்ப இருக்கட்டும். கையெழுத்துப் போடுடி."

"உன்ன சாகடிச்சுட்டு நான் பேனா புடிக்கணுமா?"

"புடி. எனக்குக் குளிருது ஹில்டா."

ஹில்டா பேனாவை வாங்கினாள். பாக்லிங்டன் நீட்டிய சம்மதக் கடிதத்தில் ஒப்பமிட்டாள். பிறகு பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல், தரும வீடுகளின் சாசனத்தில் இந்தச் சம்மதப் பிரிவை யார் எடுக்க முடியும் என்று கேட்டாள்.

"வென்லோ பிரபு மட்டும். இப்ப நீங்கதான்" என்றார் பாக்லிங்டன். அந்த மன்னிப்புக் கேட்கிற முகத்தில் முதல்முறையாக வேறு ஏதோ தெரிந்தது. தாம் கொண்டுவந்திருந்த அந்தச் சாசனத்தில் உரிய பக்கத்தை அவரே திறந்து வைத்தார். ஹில்டா அழுத்தி ஒரு கோடு இழுத்தாள்.

சர் ஆம்ப்ரோஸ் எழுந்துவிட்டார். "அது போயிட்டா வென்லோ பிரபுவுக்கு வேற வேலையே கிடையாதே. பட்டம் எதுக்குன்னு யாராவது கேட்டா நாங்க என்ன சொல்றது?"

"அக்டோபர்லேர்ந்து அதத்தான்யா நான் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றாள் ஹில்டா.

*

ஸ்பால்டிங்கிலிருந்து வந்த அண்ணன் தம்பி இருவர் ஒன்பது நாளில் ஆறு வீட்டுக்கும் ஓடு போட்டு முடித்தார்கள். நான்காம் நம்பர் ஏப்ரலில் முழுசாகக் காய்ந்தது. ஆனால் நெஞ்சுக்குள் இறங்கியிருந்த ஈரத்துக்கு ஓடு போட யாராலும் முடியவில்லை. மே பதினான்காம் தேதி ஏவிஸ் இறந்துபோனாள்.

எல்லா அலுவலகத்துக்கும் எழுதியதுபோல ஹில்டா பட்டப் பதிவகத்துக்கும் ஒரு வரி எழுதிப் போட்டாள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. தங்கள் சகோதரி ஜனவரி பதினேழாம் தேதியே இறந்துவிட்டபடியால் மே பதினான்காம் தேதி இறப்பதற்கு அவருக்குத் தகுதி இல்லை என்று வருத்தத்தோடு தெரிவித்திருந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் நான்காம் நம்பர் வீட்டில் தங்களோடு வசித்தவர் யார் என்பதை இணைப்பிலுள்ள படிவத்தில் குறிப்பிட்டு அனுப்பவும் என்று கேட்டிருந்தார்கள். அதற்குப் படிவத்தில் அரை அங்குல இடம் விட்டிருந்தது.

ஹில்டா சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். பிப்ரவரியில் பெரிய மழை பெய்த நாள், அக்காள் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்து, "சத்தம் மட்டுந்தான்டி வருது" என்று மூன்று தடவை சொன்னாள் என்று எழுதினாள். மார்ச்சில் தடியை ஊன்றிக்கொண்டு வாய்க்கால் ஓரமாக மூன்றாவது பாலம்வரை நடந்தாள். அரை அங்குலம் தீர்ந்துபோனதால் ஹில்டா ஓரத்தில் எழுதினாள். ஆரஞ்சு ஜாம் பாட்டிலை யார் திறந்து வைத்தது என்று எங்களுக்குள் சண்டை வந்து இரண்டு நாள் பேசவில்லை. ஏப்ரலில் வயல் முழுக்க துலிப் சிவப்பும் மஞ்சளுமாக நின்றபோது, வேறு யாரும் பணம் கட்டாத ஒரு குதிரை அவளுக்கு ஜெயித்துக் கொடுத்தது. ஆறு வீட்டுக்கும் வறுத்த மீன் வாங்கிக் கொடுத்தாள். ஹில்டா தாளைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினாள். பதினான்காம் தேதி மத்தியானம் சன்னலைத் திறக்கச் சொன்னாள். திறந்தேன். போதும் என்றாள்.

கடைசியில், ஒப்பமிடுபவர் தம்முடைய பட்டத்தை மட்டும் எழுதவும் என்று அச்சிட்டிருந்தது. ஹில்டா 'அவள் தங்கை' என்று எழுதி, உறையை ஒட்டி, தபாலாபீஸுக்கு நடந்துபோய்ப் போட்டுவிட்டு வந்தாள்.